கருப்பு வெள்ளை மீன்கொத்தி: ஆப்பிரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள், எடுத்து வந்த படத்தை வைத்துக்கொண்டு அடையாளம் கேட்கிறவர்கள், பறவைகளின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் படித்துவிட்டுச் சந்தேகத்தோடு வருகிறவர்கள் என்று மூன்று வகையினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன. சில பதில்கள் நீளமானவை. இந்தப் பறவை அப்படி.

இது எந்தப் பறவை? ஆப்பிரிக்காவில் எங்கெல்லாம் இருக்கிறது?

அறிவியல் பெயர் செரைல் ரூடிஸ். 1758இல் லின்னேயஸ் பெயரிட்டு விவரித்தார். செரைல் என்ற பேரினத்தில் இது ஒன்றுதான் உண்டு. சகாராவுக்குத் தெற்கே தண்ணீரும் சிறு மீனும் உள்ள இடமெல்லாம் இருக்கும். நைல் ஆற்றோடு வடக்கே எகிப்துவரை போயிருக்கிறது. ஆப்பிரிக்காவைத் தாண்டி மேற்காசியா, இந்தியா, இலங்கை வழியாகச் சீனாவரை பரவியுள்ளது.

ஏரி, அகன்ற ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, கடலோரப் பாறைக் குட்டை, அணை, பாசனக் கால்வாய், மீன் பண்ணை எல்லாம் இதற்கு ஒத்துவரும். மரங்கள் இருபுறமும் கவிந்து இருட்டாக ஓடும் காட்டோடைகளில் மட்டும் தேடிப் பயனில்லை. திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், உள்ளே பார்க்கக்கூடிய அளவுக்குத் தெளிந்த நீர் வேண்டும், பறந்து எட்டும் தூரத்தில் வளை தோண்ட மண் கரை வேண்டும். ஆப்பிரிக்காவில் கட்டப்பட்ட அணைகளும் பண்ணைக் குட்டைகளும் இதற்குப் புதிய இடங்களைத் திறந்துவிட்டன.

தமிழ்நாட்டு ஏரிகளில் பார்ப்பதும் இதுவேதானா?

ஆம், இனம் ஒன்றே. துணையினம்தான் வேறு. ஆப்பிரிக்காவில் உள்ளது ரூடிஸ் துணையினம். இந்தியாவின் பெரும்பகுதியில் இருப்பது லூக்கோமெலனூரஸ். கேரளப் பக்கம் வெள்ளை குறைந்து கருமை கூடிய திருவிதாங்கூர்த் துணையினம் ஒன்று உண்டு. இங்கே இதை நன்றாகப் பழகியவர் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் போய் நின்றால் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். அவரை வியக்க வைக்கப்போவது எண்ணிக்கை. நம் ஏரிகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டாகப் பார்த்த பறவை அங்கே கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது.

தோற்றம் எப்படி?

நீளம் சுமார் 25 செ.மீ. எடை 70 முதல் 100 கிராம் வரை. நீளத்தில் மைனா அளவு. ஆனால் அந்த நீளத்தில் அலகு கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது.

உடம்பில் கருப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமே இல்லை. தலையும் கொண்டையும் கருப்பு. கண்ணுக்கு மேலே அகலமான வெள்ளைப் புருவக்கோடு, கண்ணை ஊடுருவிப் பின்கழுத்துவரை போகும் கருப்புப் பட்டை. முதுகிலும் சிறகிலும் கருப்பு இறகுகளுக்கு வெள்ளை விளிம்பு இருப்பதால் தூரத்திலிருந்து புள்ளிபுள்ளியாகத் தெரியும். வாலின் அடிப்பகுதியும் நுனியும் வெள்ளை, நடுவே கருப்பு. வயிறு வெள்ளை. அலகு நீண்டு, நேராக, கருப்பாக இருக்கும். கால் மிகக் குட்டை. வெளிவிரலும் நடுவிரலும் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும். இந்தக் காலை வைத்துக்கொண்டு தரையில் நன்றாக நடக்க முடியாது, ஆனால் வளைக்குள் மண்ணைப் பின்னால் தள்ள அதுவே போதும்.

ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது?

மார்பைப் பாருங்கள். இரண்டு கருப்புப் பட்டைகள் இருந்தால் ஆண்: மேலே அகலமானது ஒன்று, அதன் கீழே மெல்லியது ஒன்று. ஒரே பட்டை, அதுவும் பெரும்பாலும் நடுவில் துண்டாகி இருபுறமும் திட்டாகத் தெரிந்தால் பெண்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். முதலாவது, பறவை கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஆணின் கீழ்ப்பட்டை வயிற்று இறகில் மறைந்துவிடும். அது நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டுப் படத்தில் பெண்ணின் திட்டு முழுப் பட்டைபோலத் தெரியும். மூன்றாவது, இளம்பறவை. ஆண் குஞ்சானாலும் முதலில் ஒரே பட்டைதான் இருக்கும். அந்தப் பட்டை நல்ல கருப்பாக இல்லாமல் சாம்பல் கலந்திருக்கும். முகம், தொண்டை, மார்பு இறகுகளின் ஓரத்தில் பழுப்புச் சாயல் இருக்கும். பழுப்பு தெரிந்தால் ஆண், பெண் என்று எழுதாமல் ‘இளம்பறவை’ என்று குறிப்பதே சரி.

ஆப்பிரிக்காவின் வேறு மீன்கொத்திகளோடு குழம்புமா?

குழம்ப வழியில்லை. அங்கே கருப்பு வெள்ளையில் மட்டும் இருக்கும் மீன்கொத்தி இது ஒன்றே. ராட்சத மீன்கொத்திக்கும் புள்ளி உண்டு, ஆனால் 40 செ.மீ.க்கு மேல் நீளம், உடம்பில் செங்கல் நிறம் கட்டாயம் இருக்கும்: ஆணுக்கு மார்பில், பெண்ணுக்கு வயிற்றில். மலக்கைட் மீன்கொத்தி 13 செ.மீ.தான், நீலமும் காவியுமாக மின்னும்.

உறவுமுறை வேறு கதை. மரபணு ஆய்வுகளின்படி இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இல்லை. அமெரிக்கக் கண்டங்களின் பச்சை மீன்கொத்திகள்தான்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறதே, எப்படி?

மற்ற மீன்கொத்திகளும் சில நொடிகள் அப்படி நிற்கும். இதற்கு அதுவே தொழில். காற்றே இல்லாதபோதும் வெறும் சிறகடிப்பால் அந்தரத்தில் நிற்கக்கூடிய பறவைகளில் இதுவே பெரியது என்று சொல்வது வழக்கம்.

தொலைநோக்கியில் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். உடம்பு ஏறக்குறையச் செங்குத்தாக இருக்கும், வால் விரிந்து ஆடிக்கொண்டிருக்கும், சிறகுகள் மங்கலாகத் தெரியும் அளவுக்கு வேகமாக அடிக்கும். தலை மட்டும் அசையாது. அலகு கீழ்நோக்கி, கண் தண்ணீரில் ஓர் இடத்தில் குத்தி நிற்கும். காற்று தள்ளும்போது உடம்பு சற்று விலகும், கழுத்து அதை ஈடுகட்டித் தலையைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். பார்வை குலுங்கினால் நீருக்குள் நகரும் இரையை நகராத நிழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இதற்குச் செலவு அதிகம். மிதமான எதிர்க்காற்று இருந்தால் சிறகுக்கு அதுவே கொஞ்சம் தூக்கல் தரும். காற்றே இல்லாவிட்டால் முழு எடையையும் சதைதான் தாங்க வேண்டும். ஆகவே அமைதியான நீரும் வசதியான கிளையும் இருந்தால் உட்கார்ந்தே மீன் பிடிக்கும். காற்றடித்து நீர் சிற்றலை கட்டும்போது கிளையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் எதுவும் தெரியாது; நேர் மேலே போய் நின்றுதான் பார்க்க வேண்டும். இந்தச் செலவுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் குடும்ப விஷயங்கள் பலவும் இதில்தான் போய் முடிகின்றன.

மீன் பிடிக்கும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

நீர்ப்பரப்பின் மேல் நேராகப் பறந்து வரும். சட்டென்று நின்று, சில மீட்டர் உயரத்தில் சிறகடித்து நிற்கும். இரை ஏதும் இல்லையென்றால் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி நிற்கும். மீன் கண்ணில் பட்டால் உடனே பாயாது. பல சமயம் ஒரு படி கீழே இறங்கி, அங்கே மறுபடி நின்று, சரிபார்க்கும். பிறகு சிறகைப் பின்னால் மடக்கி, அலகு முன்னே வரத் தலைகீழாக விழும். நீரைத் தொடும் தருணத்தில் கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் மூன்றாம் இமை மூடிக்கொள்ளும். மீனைக் குத்துவதில்லை, அலகால் கவ்வுகிறது. நீரை உதறிக்கொண்டு அங்கிருந்தே எழும்பும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் மற்ற மீன்கொத்திகளிடமிருந்து இதைப் பிரிக்கிறது. சின்ன மீனாக இருந்தால் பறந்துகொண்டே விழுங்கிவிடும். கரைக்குத் திரும்ப வேண்டியதில்லை. பெரிய மீனையும் முள்ளுள்ள மீனையும் மட்டும் கிளைக்கோ பாறைக்கோ கொண்டுபோய், வாலைக் கவ்வித் தலையை அடித்து, முள்ளும் துடுப்பும் மடங்கிய பிறகு தலை முதலாக விழுங்கும்.

நீர் ஒளியை முறிக்கிறதே, குறி தப்பாதா?

சாய்வாகப் பார்த்தால் தப்பும். நீருக்குள் இருக்கும் மீன் இருக்கும் இடத்தில் தெரியாமல் மேலே, தள்ளித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டுப் பிழை மறைந்துவிடும், ஆழம் மட்டும் ஏமாற்றும்: 40 செ.மீ. ஆழத்து மீன் 30 செ.மீ.யில் இருப்பதுபோலத் தெரியும். செங்குத்தாக விழுகிற பறவைக்கு அது பெரிய பிழை இல்லை. கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் சரியாகிவிடும். மேலே போய் நிற்பதன் இன்னொரு லாபம் இது.

கண்ணிலும் ஏற்பாடு உண்டு. மீன்கொத்திகளின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்ந்து பார்க்கும் குழிகள் இரண்டு. ஒன்று பக்கவாட்டில் தேடுவதற்கு, மற்றது இரு கண்ணும் சேர்ந்து முன்னே பார்ப்பதற்கு. இந்த இனத்தின் விழித்திரையில் சிவப்பு எண்ணெய்த் துளிகள் அதிகம். நீர்ப்பரப்பின் கண்கூசும் ஒளியைக் குறைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

பாய்ச்சல் வீணாவது எதனால்?

மீன் நகர்ந்துவிடுவதே முதல் காரணம். விழத் தொடங்கிய பிறகும் பாதியில் சிறகை விரித்து நிறுத்திக்கொள்வதைப் பார்க்கலாம். அது தோல்வி இல்லை, நனையாமல் தப்பித்த சிக்கனம். வெள்ளத்தில் நீர் கலங்கினால் பல நாள் சிரமம்தான். அப்போது கிளையாறு, குட்டை, கடலோரம் என்று இடம் மாறிப் போய்விடும். நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரை மூடிவிட்ட இடங்களிலும் மீன் இருந்தும் பயனில்லை.

என்னென்ன சாப்பிடும்?

பெரும்பங்கு மீன், அதிலும் விரல் நீளச் சிறு மீன். கூடவே இறால் வகை, தட்டான் இளவுயிரிகள், பெரிய நீர்ப்பூச்சிகள். எப்போதாவது தவளை. ஈசல் கிளம்பும் நேரத்தில் காற்றிலேயே அவற்றைப் பிடித்துத் தின்பதும் உண்டு. செரிக்காத முள்ளையும் செதிலையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். தங்குமிடத்துக்குக் கீழே கிடக்கும் அந்த உருண்டைகளை உடைத்துப் பார்த்தே உணவு ஆய்வுகள் பலவும் நடந்தன.

அப்படி வெளிவந்த தகவல்களில் விக்டோரியா ஏரியைப் பற்றியது முக்கியமானது. 1950களில் அந்த ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனை விட்டார்கள். அது பெருகிய பிறகு ஹாப்லோக்ரோமிஸ் வகைச் சிறு மீன்கள் சரிந்தன. கரையோர மீன்கொத்திகளின் உணவும் மாறியது: ஹாப்லோக்ரோமிஸ் குறைந்து, ஏறக்குறைய முழுக்க டாகா என்ற வெள்ளிநிறப் பொடிமீனாகிவிட்டது. தான்சானியாவில் டாகா, கென்யாவில் ஒமேனா, உகாண்டாவில் முகேனே என்று கருவாடாக விற்கும் அதே மீன். டாகா ஹாப்லோக்ரோமிஸைவிடச் சிறியது. அதே வயிற்றை நிரப்ப அதிக மீன், அதிக பாய்ச்சல்.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகும்?

ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள கரிபா ஏரியில் 3 கி.மீ. தூரம்வரை உள்ளே போய் மீன் பிடிப்பது பதிவாகியுள்ளது. அந்த அணை 1959இல் கட்டி முடிந்தது. டாங்கனீக்கா ஏரியின் கப்பெண்டா என்ற பொடிமீனை 1967, 1968 ஆண்டுகளில் கொண்டுவந்து விட்டார்கள். கப்பெண்டா பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு, வெளிச்சம் மங்கும்போது மேலே வரும். மீன்கொத்திகளும் விடியலிலும் அந்தியிலும் நடு ஏரிக்குப் பறக்கப் பழகிக்கொண்டன. பிடித்ததை அந்தரத்திலேயே விழுங்க முடியாத பறவையாக இருந்தால் இது நடந்திருக்காது.

வாயில் மீனோடு பறக்கிறது. யாருக்கு அந்த மீன்?

மீனின் தலை எந்தப் பக்கம் என்று பாருங்கள். தலை தொண்டைப் பக்கம் இருந்தால் தனக்கு. தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணைக்கோ குஞ்சுக்கோ, வாங்குகிறவர் தலை முதலாக விழுங்க வசதியாக. வால் முதலாக விழுங்கினால் துடுப்பு முள் விரிந்து தொண்டையில் சிக்கும். வெளியே நீட்டிய தலையோடு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறக்கும் பறவையைப் பின்தொடர்ந்து பார்த்தாலே வளை இருக்கும் கரை தெரிந்துவிடும்.

வளை எப்படி இருக்கும்? எப்போது தோண்டும்?

நீரோர மணற்கரையின் செங்குத்து முகத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து தோண்டும். அலகால் கொத்தி உதிர்த்து, காலால் பின்னே தள்ளும். ஒரு வளை முடிய மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். சுரங்கம் 1 முதல் 2 மீட்டர், சில சமயம் அதற்கும் மேல். முடிவில் அகன்ற அறை. புல், இறகு எதுவும் விரிப்பதில்லை. நாளாக நாளாகக் கக்கிய முள்ளும் செதிலும்தான் மெத்தையாகும்.

காலம் இடத்துக்கு இடம் மாறும். தெற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. பொதுவாக ஆறு வற்றி, கரை வெளியே தெரியும் காலத்தோடு ஒத்துப்போகும்.

கெட்டுப்போகும் விதங்கள் பல. மணல் மிகவும் பொலபொலவென்று இருந்தால் கூரை இடியும். உள்ளே வேரோ கல்லோ தட்டினால் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கும். ஆழமில்லாத அரைகுறைத் துளைகள் ஒரே கரையில் பல இருப்பதற்கு இதுவே காரணம். தாழ்வாகத் தோண்டியவை திடீர் வெள்ளத்தில் மூழ்கும். விசைப்படகு கிளப்பும் அலை கரையின் அடியை அரித்து முகத்தையே சரித்துவிடும்.

புழக்கத்தில் உள்ள வளையா என்று அறியக் கையை விட வேண்டாம். உள்ளே நாகம் இருக்கலாம். வாசலின் அடியில் கால் உரசிய இரண்டு தடங்கள், கீழே புதிதாக வெள்ளை எச்சம், மீன் நாற்றம், மொய்க்கும் ஈ ஆகியவை போதும். பக்கத்திலேயே பஞ்சுருட்டான்களின் துளைகளும் இருக்கும். அவற்றில் மீன் நாறாது.

முட்டை, குஞ்சு?

4 முதல் 6 முட்டை வழக்கம். வெள்ளையாக, பளபளப்பாக, ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். அடைகாப்பு சுமார் 18 நாள். பகலில் இருவரும் மாறி மாறி உட்காருவார்கள், இரவில் பெண். குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை, அதனால் மூத்ததும் இளையதும் அளவில் வேறுபடும். மீன் குறைந்தால் முதலில் சாவது கடைக்குட்டி. 23 முதல் 26 நாளில் வெளியே வரும். அதன்பின்னும் சில வாரங்கள் பெரியவை ஊட்டும்.

ஒரு வளைக்கு மூன்று, நான்கு பறவைகள் மீன் கொண்டுவருகின்றனவே?

பெற்றோர் இருவர் போக மற்றவை உதவிப் பறவைகள். எல்லாம் ஆண்கள். கென்யாவில் விக்டோரியா, நைவாஷா ஆகிய இரண்டு ஏரிகளின் கரையில் ஹைன்ஸ் உல்ரிச் ரேயர் என்ற ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியிலிருந்து செய்த ஆய்வுகள்தான் இதை விளக்கின. அவர் உதவியாளர்களை இரண்டாகப் பிரித்தார்.

முதல்நிலை உதவியாளர் பெரும்பாலும் அந்தத் தம்பதியின், அல்லது அவர்களில் ஒருவரின், போன ஆண்டு மகன். பருவம் தொடங்கும்போதே வந்துவிடுவான். பெற்றோருக்கு இணையாக மீன் சுமப்பான், வளையைக் காப்பான், பாம்பு வந்தால் எதிர்ப்பான். இரண்டாம்நிலை உதவியாளர் அந்நியன்: துணை கிடைக்காதவன் அல்லது வளை நாசமானவன். குஞ்சு பொரிந்த பிறகுதான் வருவான், குறைவாகத்தான் உழைப்பான். முதலில் வீட்டுக்கார ஆண் விரட்டும். சில நாளில் விரட்டுவதை விட்டுவிடும், அல்லது விடாது. அது எந்த ஏரி என்பதைப் பொறுத்தது.

ஏரிக்கு ஏரி ஏன் மாறுகிறது?

விக்டோரியாவில் அலை அதிகம், மீன் சிறியது, பிடிக்கும் இடம் தூரம். ஒவ்வொரு மீனுக்கும் ஆகும் சிறகடிப்புச் செலவு மிகவும் கூடுதல். நைவாஷாவில் மீன் பக்கத்திலேயே கிடைக்கும், பெரியதாகவும் இருக்கும். விக்டோரியாவில் உதவியாளர் இல்லாத தம்பதி சராசரியாக 1.8 குஞ்சுகளைத்தான் கரையேற்றியது. ஓர் உதவியாளர் இருந்தால் 3.6. நைவாஷாவில் உதவி இல்லாமலேயே 3.7. அங்கே அந்நியனைச் சேர்த்துக்கொள்ளத் தேவை என்ன இருக்கிறது? விரட்டிவிடுகின்றன.

இது ஊர்ப் பழக்கமா, தேவையா என்று பார்க்க ஒரு சோதனையும் நடந்தது. நைவாஷா வளைகளில் குஞ்சுகளைக் கூட்டினார்கள், விக்டோரியா வளைகளில் குறைத்தார்கள். சுமை ஏறிய நைவாஷாப் பெற்றோர் அந்நியரை ஏற்றுக்கொண்டன. சுமை இறங்கிய விக்டோரியாப் பெற்றோர் விரட்டின. பெற்றோரின் அன்றாட ஆற்றல் செலவையும் சேர்த்து அளந்த அந்த ஆய்வு 1985இல் வெளியானது. பாசம், பரம்பரை என்று தேடுவதைவிட எரிபொருள் கணக்கைத் தேடுவது இங்கே அதிகம் விளக்குகிறது.

உதவுகிறவர்களுக்கு என்ன லாபம்?

மகனுக்கு லாபம் தம்பி தங்கைகள் மூலம். பெற்றோரில் ஒருவர் இறந்து மறுதுணை வந்திருப்பது சகஜம் என்பதால், தான் ஊட்டும் குஞ்சுகளோடு அவனுக்குள்ள உறவு, பொதுவான மரபணுப் பங்கின் கணக்கில், சராசரியாக 0.32; முழு உடன்பிறப்பாக இருந்தால் 0.5 ஆகியிருக்கும். விலையும் உண்டு: கடின உழைப்பால் அடுத்த ஆண்டுவரை பிழைத்திருப்பது 54 சதவீதம்தான். அந்நியனுக்கு உறவு 0.05, ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் அளவாக உழைப்பதால் 74 சதவீதம் பிழைக்கிறார்கள், திரும்பி வந்தவர்களில் 91 சதவீதத்தினருக்கு அடுத்த ஆண்டு துணை கிடைக்கிறது. பல சமயம் தான் மீன் ஊட்டிய அதே பெண். எதுவும் செய்யாமல் அந்த ஆண்டைக் கழிக்கும் ஆண்களும் உண்டு. அவர்களில் துணை கிடைப்பது 33 சதவீதத்தினருக்கு.

இவ்வளவு ஆண்கள் துணையின்றி அலைவது ஏன் என்றால், பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. இரவில் வளைக்குள் அடைகாக்கும்போது வெளியேற வேறு வழியில்லை; வேட்டையாடிகளிடம் மாட்டிக்கொள்வது பெண்தான்.

வீட்டுக்கார ஆணுக்குச் சந்தேகம் வராதா?

அந்நியன்மேல் வருகிறது, அதனால்தான் முட்டைக் காலம் முடியும்வரை அண்ட விடுவதில்லை. மகன்மேல் வரத் தேவையில்லை. 1986இல் வெளியான ஆய்வில், முதல்நிலை உதவியாளர்களுக்கு ஆண் இயக்குநீர் குறைவு, விந்தணு உற்பத்தியும் இல்லை என்று தெரிந்தது. இரண்டாம்நிலை உதவியாளர்கள் இனப்பெருக்கத்துக்கு முழுத் தகுதியோடு இருந்தார்கள்.

எதிரிகள்?

வளைக்குள் நுழைவதில் உடும்பு, பாம்பு, கீரி. வெளியே வல்லூறு போன்றவை. வெள்ளத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எப்படிக் கத்தும்? இரவில் எங்கே தங்கும்?

கீச்சிட்ட குரலில் ‘சிர்ரிக் சிர்ரிக்’ என்று அடுக்கடுக்காக. இரண்டு மூன்று சேர்ந்தால் சிறகைப் பாதி விரித்து, தலையை ஆட்டி ஒரே அமர்க்களம். பார்ப்பதற்கு முன் கேட்டுவிடும். அடைகாக்காத பறவைகள் பொழுது சாயும்போது கோரையிலும் பாப்பிரஸ் என்ற உயரமான நீர்க்கோரையிலும் கூட்டமாக அடையும்.

அழிவின் விளிம்பில் உள்ளதா?

இல்லை. உலக அளவில் கவலைக்குரியதல்ல என்ற பட்டியலில்தான் இருக்கிறது. உள்ளூர் அடிகள் உண்டு. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாச் சதுப்பில் 1970களில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்களை ஒழிக்க விமானத்திலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மீன்கள் செத்தன, மீன்கொத்திகளின் உணவு முறை குலைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கரையில் மணல் அள்ளுவதும், அரிப்பைத் தடுக்கக் கற்கட்டுப் போடுவதும் இன்னொரு வகை அடி: மீன் இருக்கும், வளை தோண்ட இடம் இருக்காது.

பண்டை எகிப்து ஓவியத்தில் இருப்பது இதுவா?

ஆம். அமர்னாவின் வடக்கு அரண்மனையில் பச்சை அறை என்று அழைக்கப்படும் அறையின் சுவரில், பாப்பிரஸ் புதருக்குள் அலகு முன்னே நீட்டித் தலைகீழாகப் பாயும் மீன்கொத்தி இதுதான். கி.மு. 14ஆம் நூற்றாண்டு. பாயும் கோணத்தைப் பார்த்தால் வரைந்தவர் ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் என்பதில் சந்தேகம் வராது.

எங்கே போனால் நன்றாகப் பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் உகாண்டாவின் கசிங்கா கால்வாய், படகில். மண் கரை முழுக்கத் துளைகளும் பறவைகளும். கென்யாவில் நைவாஷா, போட்ஸ்வானாவில் கசானே பக்கம் சோபே ஆறு, தென்னாப்பிரிக்காவின் குருகர் பூங்காவில் ஸ்குகுஸாவுக்கு அருகிலுள்ள லேக் பேனிக் மறைவிடம் ஆகியவையும் ஏமாற்றாது. எகிப்தில் லக்சர், அஸ்வான் படித்துறைகளில் நின்றாலே போதும்.

படம் எடுக்க என்ன அமைப்பு?

ஷட்டர் வேகம் அந்தரத்தில் நிற்கும்போது 1/2000 நொடி, பாயும்போது 1/3200 அல்லது அதற்கும் வேகமாக. வெள்ளை இறகு வெந்து போவதுதான் இந்தப் பறவையின் படங்களில் பொதுவான குறை; வெயிலில் வெளிச்சத்தை முக்கால் படி குறைத்து வையுங்கள். கருப்பில் உள்ள விவரத்தைப் பிறகு மீட்கலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது. நண்பகல் வேண்டாம்.

பறவை எப்போதும் காற்றை எதிர்நோக்கித்தான் நிற்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் முகம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் நாள் முழுக்க வால்தான். வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வரும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாய்ச்சலைத் துரத்திக் குவியம் வைப்பது பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் விழும் வேகத்துக்குக் கேமரா ஈடுகொடுக்காது. ஒரு படி இறங்கி இரண்டாவது முறை நிற்கிறதே, அப்போதே விசையை அழுத்தத் தொடங்குங்கள்.

வளைக்கு நேர் எதிரே படகை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாயில் மீனோடு பறவை கிளையில் உட்கார்ந்து, உள்ளே போகாமல், கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் வழியில் நிற்கிறீர்கள். படகோட்டியிடம் சொல்லித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். அது உள்ளே போகும்வரை தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.